சிறுகுறிஞ்சானும் சுகர் மாத்திரையும்: நெல்லைச் சீமையில் நாங்கள் கண்டது

பொருநைக்கரை மகள், அம்பாசமுத்திரம்

அப்பாவுக்குச் சுகர் வந்து 11 வருஷம் ஆகிறது. மில்லில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை இரண்டையும் சங்கு ஊதினாற்போல் நேரம் தவறாமல் போடுவார். அப்படிப்பட்டவர் போன வருஷம் சித்திரையில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரிந்தது ஆனியில்தான், காலில் புண் வந்த பிறகு.

எல்லாம் ஒரு இலையால் வந்தது. பாபநாசத்துக்குக் குளிக்கப் போன இடத்தில் யாரோ ஒருவர் வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் கொடியிலிருந்து இரண்டு இலை பறித்துக் கொடுத்து மெல்லச் சொல்லியிருக்கிறார். மென்று துப்பியதும் கையில் ஒரு சிட்டிகை சீனியை வைத்து, “இப்போ வாயில போட்டுப் பாருங்க அண்ணாச்சி” என்றாராம். சீனி ஆற்று மணலாக இருந்திருக்கிறது. இனிப்பே இல்லை. அப்பா அசந்துபோய்விட்டார். வீடு திரும்பும்போது பை நிறைய இலை.

புண்ணைப் பார்த்துவிட்டு நான் சத்தம் போட்டபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். “நாக்குலயே இனிப்பக் கொல்லுதுன்னா ரெத்தத்துல கொல்லாதாம்மா?”

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு வெறும் வயிற்றில் 312. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் (HbA1c) 11.4 சதவீதம். செருப்பு கடித்த புண் உள்ளுக்குள்ளேயே ஓடி, வலது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. புண் ஆற ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அப்பாவின் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், தேடித் தேடிப் படித்தேன்.

அந்த இலையில் இருக்கும் சரக்குக்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயர். சீனி இனிக்காமல் போகும் விஷயத்தை எட்ஜ்வொர்த் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1847-இலேயே எழுதி வைத்திருக்கிறார். 1880-களில் ஊட்டியில் மலேரியா மருந்து தரும் சிங்கோனா மர ஆராய்ச்சியில் இருந்த டேவிட் ஹூப்பர் இலையிலிருந்து அந்த அமிலத்தைப் பிரித்தார். நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. அரை மணி, கூடிப்போனால் ஒரு மணி நேரம். அப்புறம் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில் ஒரு கிண்ணம் அல்வா சாப்பிட்டாலும் நாக்குக்குத் தெரியாது, ஆனால் அல்வாவில் உள்ள சீனி முழுக்க வயிற்றுக்குள் போய்ச் சேரும். நாக்கில் நடப்பது வேறு, ரத்தத்தில் நடப்பது வேறு.

ரத்தத்தில் ஒன்றுமே நடக்காது என்றும் சொல்ல முடியாது. சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1990-இல் வெளிவந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 22 பேருக்கு இந்த இலையின் சாற்றுச் சத்தைத் தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான மாத்திரையும் கூடவே. சர்க்கரை குறையக் குறைய மாத்திரை அளவைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 5 பேர் கடைசியில் மாத்திரை இல்லாமலே இருக்க முடிந்தது. நம் ஊரில் அந்த 5 பேரின் கதைதான் சுற்றுகிறது. மாத்திரையை விட முடியாத 17 பேரை யாரும் சொல்வதில்லை. அந்த 5 பேரும்கூட முதல் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் இல்லை. அது சின்ன ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது.

இலையைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. என் ஆச்சி காலத்திலிருந்து இந்தக் கொடியின் பெயரே சர்க்கரைக்கொல்லி. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: நம் பக்கத்தில் இலையோ, வேரோ, பட்டையோ, பொடியோ சுகருக்கு எடுத்தவர்களும், எடுத்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எத்தனை நாள் எடுத்தீர்கள், கூடவே மாத்திரை உண்டா, அளந்து பார்த்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.


வாழைத்தோட்டத்தான், களக்காடு

தங்கச்சி, உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை கூடிப்போனது. எங்கள் அம்மாவுக்கு நடந்தது நேர்மாறு.

வாரச் சந்தை நாளில் வேனில் வந்து மைக் வைத்து விற்பார்களே, அப்படி ஒருவரிடம் அம்மா ஒரு டப்பா மூலிகைப் பொடி வாங்கினாள். டப்பாவில் லேபிள் கிடையாது. ‘21 மூலிகை, பக்க விளைவு இல்லை, 48 நாளில் சுகர் போய்விடும்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மா புத்திசாலி, மாத்திரையை நிறுத்தவில்லை. இரண்டையும் சேர்த்தே எடுத்தாள். பத்தே நாளில் வெறும் வயிற்றில் 180-லிருந்து 92. தெருவே வந்து டப்பாவைப் பார்த்துவிட்டுப் போனது. நானும் என் மாமியாருக்கு ஒன்று வாங்கி வைத்தேன்.

பதினான்காம் நாள் விடியற்காலை நாலரை மணி. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பியவன் அம்மா முனகுவதைக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பாயெல்லாம் நனைந்திருந்தது. எல்லாம் வியர்வை. “எம்மா, எம்மா” என்று உலுக்கினால் கண் மேலே சொருகுகிறது. பக்கத்து வீட்டு மதினி நர்ஸ் வேலை பார்த்தவர். ஓடி வந்து விரலில் குத்தினார். 38.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மூன்று மணி நேரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. ஏற்ற ஏற்ற இறங்கியது. இரண்டு நாள் டிரிப் ஓடியது. “பாட்டி என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?” என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். எழுதிக் கொடுத்தது மெட்ஃபார்மின் மட்டும்தான். அது இப்படி இறக்காது என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் நான் டப்பாவைச் சொன்னேன்.

என் அக்கா மகன் மருந்தியல் படிக்கிறான். அவனுடைய பேராசிரியர் உதவியோடு பொடியைக் கல்லூரி ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே கிளிபென்கிளமைடு. பெட்டிக்கடை விலையில் கிடைக்கிற பழைய சுகர் மாத்திரை. அதைத் தூளாக்கி இலைப் பொடியில் கலந்திருக்கிறார்கள். டப்பாவுக்கு டப்பா, ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். அம்மாவுக்கு 71 வயது, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அப்படிப்பட்டவர்கள் உடம்பை விட்டு அந்த மருந்து லேசில் போகாது என்று டாக்டர் சொன்னார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. 1954-லேயே சட்டம் வந்தாயிற்று, சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று. மைக் வைத்துச் சொல்கிறார்கள், நாம் வரிசையில் நிற்கிறோம். பத்து நாளில் சுகரை 180-லிருந்து 92-க்கு இறக்குகிற இலை இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

மாமியாருக்கு வாங்கிய டப்பாவை அவர் திறக்கும் முன்பே திரும்ப வாங்கிவிட்டோம்.


மருந்துக்கடைக்காரர், பாளையங்கோட்டை

26 வருஷமாக மருந்தாளுநர். எங்கள் கடைக்கு வரும் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சீட்டை நீட்டிவிட்டு, “தம்பி, இந்த இங்கிலீஷ் மருந்தெல்லாம் கெமிக்கல். நான் இனிமே செடி மருந்துக்கு மாறலாம்னு இருக்கேன்” என்றார். சீட்டில் இருந்தது மெட்ஃபார்மின் 500. “ஐயா, நீங்க ஏற்கெனவே செடி மருந்துதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க” என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. கடையில் கூட்டம் குறையும்வரை உட்காரச் சொல்லிவிட்டு, அப்புறம் சொன்னேன்.

ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. அவரை, தட்டைப்பயறு வகையறாவைச் சேர்ந்தது. பூ வெளிர் ஊதா. அளவு மீறி மேய்ந்தால் ஆடு செத்துப்போகும். அதில் கலேகின் என்ற சத்து இருக்கிறது, அது சர்க்கரையைக் குறைக்கும். 1920-களில் அதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விஷத்தன்மை விடவில்லை. அதே குடும்பத்து வேதிப்பொருளைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் மெட்ஃபார்மின். 1922-இல் டப்ளினில் முதன்முதலாகத் தயாரித்தார்கள். அதே சமயத்தில் இன்சுலின் வந்துவிட்டதால் 30 வருஷத்துக்கு மேல் அதை யாரும் சீந்தவில்லை. 1957-இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அமெரிக்கா அனுமதித்தது 1994-இல்தான்.

ஆசிரியர் கேட்டார், “அப்போ அந்தச் செடியவே கொடுத்திருக்கலாமே?” நல்ல கேள்வி. இலையில் இருந்தபோது அது ஆட்டைக் கொன்ற சரக்கு. எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையில் 500 என்று போட்டால் 500 இருக்கும். செடியிலிருந்து மாத்திரை வரைக்கும் நடந்த வேலை முழுக்க விஷத்தைக் கழிப்பதும் அளவைப் பிடிப்பதும்தான்.

இன்னொன்றும் சொன்னேன். 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்று ஒரு கசப்புப் பொருளை எடுத்தார்கள். காய்ச்சலுக்கு ஆகுமா என்று பார்க்கத்தான். 1886-இல் ஃபான் மேரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர், அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் கண்டார். வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உடைந்து வீணாகிவிடும் என்பதால் அப்படியே மருந்தாக்க முடியவில்லை. அந்த அச்சை வைத்துச் செய்யப்பட்டவைதான் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சாமல் தடுத்து வெளியே விட்டுவிடும். கண்டதற்கும் கடைக்கு வந்ததற்கும் நடுவில் 125 வருஷத்துக்கு மேல். 2020-இல் நம் நாட்டில் காப்புரிமை முடிந்த பிறகு விலை மளமளவென்று இறங்கியது என் கண் முன்னால் நடந்தது. அதற்கு முன்னால் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, “மத்ததை மட்டும் குடுங்க” என்று வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆசிரியர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். மறு மாதம் வந்து, “கலேகா, எழுத்துச் சரியா?” என்று ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். எழுத்து மிகச் சரியாக இருந்தது.


குற்றாலச் சாரல், தென்காசி

எனக்கு வேங்கை மரக் குவளை அனுபவம். சீசன் சமயத்தில் குற்றாலத்தில் வாங்கினேன். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தேயிலைத் தண்ணீர் நிறம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் நீலமாக ஒரு மினுக்கம். பார்க்கவே அழகாக இருக்கும்.

எனக்கு அப்போதுதான் சுகர் ஆரம்பம். வெறும் வயிற்றில் 134. டாக்டர் மூன்று மாதம் சாப்பாடும் நடையும் போதும், அப்புறம் பார்ப்போம் என்றிருந்தார். குவளைத் தண்ணீரும் குடித்தேன், தினம் முக்கால் மணி நேரம் நடந்தேன், ராத்திரி சோற்றை விட்டு கேழ்வரகுத் தோசைக்கு மாறினேன். மூன்று மாதத்தில் 116. குவளையால் வந்ததா, நடையால் வந்ததா? என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது மாதமே குவளையில் நிறம் இறங்குவது நின்றுவிட்டது, ஆனால் சுகர் குறைந்துகொண்டுதான் வந்தது. அதனால் என் மனசு நடையின் பக்கம் சாய்கிறது.

வேங்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பல ஊர்களில் சோதித்து 1998-இல் வெளியிட்டிருக்கிறது. புதிதாகச் சுகர் கண்டுபிடிக்கப்பட்ட 97 பேரில் 67 பேருக்குக் கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்கள் கொடுத்தது அளந்து தயாரித்த சத்து, எடுத்தவர்களும் என்னைப் போல ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த இன்னொரு கூட்டம் அந்த ஆய்வில் இல்லை. கடையில் வாங்கிய குவளை எந்த மரம் என்றுகூட எனக்கு உறுதியில்லை.


தேரிக்காட்டு மதினி, திசையன்விளை

கருப்பட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் சுகர்காரர்கள் எல்லோரும் கருப்பட்டிக் காபிதான். ‘பனையில் வந்தது, ஒண்ணும் செய்யாது’ என்பார்கள். என் வீட்டுக்காரரை வைத்து நானே பார்த்துவிட்டேன். ஒரு நாள் மூன்று இட்லியும் சீனிக் காபியும், மறுநாள் அதே மூன்று இட்லியும் கருப்பட்டிக் காபியும். ஒரு மணி நேரம் கழித்து முதல் நாள் 212, இரண்டாம் நாள் 207. மூன்றாம் நாள் இனிப்பே போடாத காபி, 181. கருப்பட்டியில் இரும்பும் சத்தும் இருக்கலாம், பெரும்பகுதி சர்க்கரைதான். பனை எங்களுக்குச் சோறு போட்ட மரம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஸ்ட்ரிப் காட்டியது இது.


நாவல்மரத்தடி, சேரன்மகாதேவி

நாவல் கொட்டைப் பொடி, வெந்தயம், பாகற்காய்ச் சாறு மூன்றையும் வருஷக்கணக்கில் எடுத்தவன் நான். மாத்திரை கூடவே உண்டு.

நாவல் கொட்டையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிரேசிலில் நாவல் இலையைத் தேநீராகப் போட்டுக் கொடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு முறையாகப் பார்த்தார்கள், 2004-இல் வந்தது. சர்க்கரை குறையவில்லை. அது இலை, நம்முடையது கொட்டை, அதனால் அதை வைத்தே முடிவு கட்டமாட்டேன். என் நோட்டிலும் குறையவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாகற்காய்ச் சாறு வெறும் வயிற்றில் குடித்து இரண்டு முறை வயிறு பிடுங்கியது, விட்டுவிட்டேன். தாய்லாந்தில் 2011-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது தினம் 2000 மில்லிகிராம் பாகல் கொஞ்சம் குறைத்திருக்கிறது, 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் அளவுக்கு இல்லை. பாகற்காய்ப் புளிக்குழம்பை மட்டும் விடவில்லை.

வெந்தயம்தான் எனக்குக் கை கொடுத்தது. ராத்திரி ஊறவைத்து, காலையில் வழவழப்போடு அப்படியே மென்றுவிடுவேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 20, 25 குறைந்து நின்றது. அந்த வழவழப்புதான் விஷயம். கரையும் நார், குடலில் பசைபோலப் படர்ந்து சர்க்கரை ஏறுவதை மெதுவாக்குகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1990-களில் இதைப் பற்றி நிறையச் செய்திருக்கிறார்கள். அங்கே கொடுத்தது தினம் 25 கிராம். நாம் போடும் ஒரு டீஸ்பூன் நாலைந்து கிராம்தான் வரும். என் அளவு இரண்டு டீஸ்பூன். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்காமல் இடைவெளி விடச் சொன்னார் டாக்டர்.


சித்த மருத்துவர், மானூர்ப் பக்கம்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள் நான், 1964-இல் தொடங்கிய கல்லூரி அது. மேலே எழுதியவர்கள் எல்லோரும் அளந்து பார்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

எங்கள் பக்கம் கரிசலும் செம்மண்ணும் கலந்த வறண்ட பூமி. சாலையோரம் முழுக்க ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று சொல்லிக்கொண்டே மூட்டை மூட்டையாகப் பூவைக் காயவைத்து டீ போட்டுக் குடிக்கிறார்கள். எங்கள் முறையில் மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, சொல்லப்பட்ட ஆவாரைக் குடிநீர் அது இல்லை. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை எல்லாம் சேரும். பூ டீ குடிப்பதில் தப்பில்லை. அதைக் குடித்துக்கொண்டு மாத்திரையை விட்டால்தான் தப்பு.

இதில் கடலழிஞ்சிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதன் வேலை தெளிவாகத் தெரிந்துவிட்டது. இலங்கையில் இதன் கட்டையில் கோப்பை கடைந்து தண்ணீர் வைத்துக் குடிக்கும் வழக்கம் உண்டு. 1997-இல் ஜப்பானியர்கள் இதிலிருந்து சலாசினால் என்ற பொருளைப் பிரித்தார்கள். சோற்றில் உள்ள மாவுச்சத்தையும் சீனியையும் குடலில் உடைக்கும் நொதியை அது தடுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் அகார்போஸ் மாத்திரையும் அதையேதான் செய்கிறது. அதனால் சாப்பாட்டோடு எடுத்தால்தான் பலன். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் வீண். வயிறு உப்பலும் வாயுவும் வரும், உடையாத மாவு பெருங்குடலில் போய்ப் புளிப்பதால் வருவது அது.

இதை எடுப்பவர்கள் கூடவே ஊசியோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுத்து, லோ சுகர் ஆகிவிட்டால் சீனியைக் கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் ஏறாது. சீனியை உடைக்கும் நொதியையே நாம் தடுத்து வைத்திருக்கிறோம். குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். என்னிடம் வருபவர்கள் பையில் ஒரு பாக்கெட் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் அனுப்புவேன்.

படிக்கும்போது மூலிகை பார்க்கப் பொதிகை மலைப் பக்கம் போனோம். கூட வந்த காணிக்காரப் பழங்குடி முதியவர் ஒருவர் பொன்கொரண்டிக் கொடியைக் காட்டினார். கடலழிஞ்சிலின் இனம்தான் அதுவும். நாங்கள் வேரைப் பார்க்க வேண்டும் என்றோம். அவர் மண்ணைக் கையால் விலக்கி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு விரல் நீளம் காட்டிவிட்டு உடனே மூடிவிட்டார். “வேரை எடுத்தா கொடி போச்சு. நீங்க நூறு பேரு வாறீக” என்றார். கொடி கையளவு பருமன் ஆக எத்தனையோ வருஷம் ஆகும். பொடியாக விற்கும்போது அது தெரியாது.

அப்புறம் ஒன்று. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மா ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தொட்டிச் செடி. “இன்சுலின் செடியாம் டாக்டரம்மா. தினம் ரெண்டு இலை குடுத்தா ஊசி வேண்டாம்னு சொல்லுதாக. பிள்ளைக்கு வயித்துல குத்த இடமே இல்ல.” அந்தப் பிள்ளைக்கு முதல் வகைச் சர்க்கரை. கணையம் இன்சுலினையே சுரக்காது. செடிக்குத்தான் அந்தப் பெயர், இலையில் இருப்பது இன்சுலின் இல்லை. சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் சில சத்துகள் இருக்கின்றன, இன்சுலின் இல்லாத உடம்பில் அவற்றால் ஈடு கட்டவே முடியாது. ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து. நான் ஒரு மருந்தும் எழுதவில்லை. அன்றைக்கே அவர்களோடு பஸ் ஏறிப் போய்க் குழந்தை மருத்துவரிடம் விட்டுவிட்டு வந்தேன். நல்லவேளை, அந்த அம்மா ஊசியை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு, தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள்.

சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடிப்பவர்களும் கவனமாக இருங்கள். கொரோனா காலத்தில் அதைத் தொடர்ந்து எடுத்த சிலருக்குக் கல்லீரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். உடம்பு மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்துப் பாருங்கள். என் முறை மருந்து என்பதால் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.


வாழைத்தோட்டத்தான், களக்காடு

டாக்டரம்மா, குளுக்கோஸ் விஷயம் இத்தனை நாள் தெரியாது. அம்மா தலைமாட்டில் இப்போதே ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டேன்.


பொருநைக்கரை மகள், அம்பாசமுத்திரம்

எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கடை அண்ணாச்சி சொன்ன கலேகா கதையை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறை, “அப்போ மாத்திரையும் இலைதானாக்கும்” என்றார். மாத்திரையை விட்டதற்காக நான் திட்டியபோதெல்லாம் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதையும் சொல்கிறேன். விரல் போன பிறகு அவரை இலையிலிருந்து முழுசாக விலக்க நான் பார்த்தேன், நடக்கவில்லை. எனக்குத் தெரியாமல் எடுப்பார் என்ற பயம். கடைசியில் சுகர் டாக்டரிடமே கூட்டிப்போய், இலையையும் மேசையில் வைத்து, “இவர் இதை விடமாட்டார், என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மாத்திரையோடு சேர்ந்தால் சுகர் ரொம்ப இறங்குகிறதா என்று பார்க்க, தினம் இரண்டு வேளை அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

நோட்டை நான் போட்டேன், எழுதுவது அப்பா. மில்லில் லெட்ஜர் எழுதிய கை. தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பிறகு, மாத்திரை, இலை, நடை, கால் பார்த்தாச்சா என்று ஏழு கட்டம். கடைசிக் கட்டம் அவராகச் சேர்த்தது. ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டு ஒரு கோடு போடுவார். மூன்று மாத சராசரி 11.4-லிருந்து 8.6, அப்புறம் 7.5. மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார்கள், அதனால் இதில் இலையின் பங்கு எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் அந்த இலைக்கு அவர் வேறொரு வேலை வைத்திருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு அவருக்கு இனிப்பு தேடும். தெருமுனை வரைக்கும் நடந்து போய் அல்வாக்கடை முன்னால் நிற்கிற பழக்கம் 40 வருஷத்துப் பழக்கம். இப்போது மூன்றரைக்கே ஒரு இலையை மென்றுவிடுகிறார். அப்புறம் அல்வாவை வாயில் போட்டாலும் நெய்யும் மாவும்தான் தெரியுமாம், அதனால் கால் அந்தப் பக்கம் போவதில்லை. போன வாரம் தங்கை அல்வாப் பொட்டலத்தோடு வந்தபோதும், “நான் இலை மென்னுட்டேன், பிள்ளைகளுக்குக் குடு” என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

களக்காட்டு அண்ணாச்சி, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை நீங்கள் சொல்லவே இல்லையே.


வாழைத்தோட்டத்தான், களக்காடு

நல்லா இருக்கா தங்கச்சி. சந்தைக்கு அந்த வேன் மறுபடி வந்தபோது, நான் தடுத்தும் கேட்காமல் முன்னால் போய் நின்று, வாங்க வந்தவர்களிடம் தன் கையில் டிரிப் ஏறிய தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு யாரும் வாங்கவில்லை. வேன் இரண்டு வாரமாக எங்கள் ஊருக்கு வரவில்லை. அடுத்த ஊர்ச் சந்தையில் நிற்பதாகக் கேள்வி, அங்கே யாராவது இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.